தொட்டிச் செடிகளில் வேர்க் காற்றோட்டம்

தொட்டிச் செடிகளில் வேர்க் காற்றோட்டம் என்பது மண்தொட்டி, வளர்ப்புப் பை போன்றவற்றில் வளரும் செடிகளின் வேர்களுக்கு ஆக்சிசன் தடையின்றிக் கிடைக்கச் செய்வதாகும். இலைகள் ஒளிச்சேர்க்கையின்போது ஆக்சிசனை வெளியிட்டாலும், பெரும்பாலான செடிகளில் அது வேர்களுக்குப் போதிய அளவு சென்று சேர்வதில்லை. மண்துளைகளில் உள்ள காற்றைக் கொண்டே வேர்கள் சுவாசிக்கின்றன. நெற்பயிரின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் அது தேங்கிய நீரிலும் வளர்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சில மரங்கள் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்களை நீட்டுகின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றிற்கு அந்த அளவு ஏற்பாடு இல்லை.

ஈரத்திலும் வாடுதல்

ஆக்சிசன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே துளைகளில் நீர் நிறைந்துவிட்டால் வேர் ஆற்றல் இழக்கிறது. நீரை உறிஞ்சும் திறனும் குறைகிறது. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுவது இதனால்தான். வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் ஊற்றுவதால் வேரழுகல் நோய்க்கு வழி ஏற்படுகிறது. ஊற்றுமுன் விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்ப்பது நல்லது.

அடியில் தங்கும் நீர்

வடிதுளை இருந்தாலும் தொட்டியின் அடிப்பகுதியில் நுண்புழை ஈர்ப்பால் சிறிது நீர் தங்கிவிடும். இதனை ஒரு பஞ்சைக் கொண்டு எளிதில் காணலாம். செவ்வக வடிவக் குளியல் பஞ்சை நீரில் நனைத்துப் படுக்கை நிலையில் பிடித்தால் சிறிது நேரத்தில் சொட்டுவது நின்றுவிடும். அதையே நெட்டாக நிறுத்தினால் மீண்டும் நீர் சொட்டும். பஞ்சு அதேதான், உயரம் மட்டுமே மாறியது. அதனால் ஒரே மண்கலவையை இட்டாலும், ஆழமற்ற தட்டுத்தொட்டியில் ஈரப்பகுதியின் பங்கு அதிகமாகவும், உயரமான தொட்டியில் குறைவாகவும் இருக்கும்.

அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பது பரவலான, ஆனால் தவறான நம்பிக்கை. மண்ணின் நுண்துளைகளில் உள்ள நீர், அந்த அடுக்கு நிறைந்த பிறகே கல்லிடுக்குகளுக்குள் இறங்கும். ஈரப்பகுதி மறைவதில்லை, வேருக்கு அருகில் மேலேறிவிடுகிறது. மண் வெளியேறாமல் துளைமேல் ஓர் ஓட்டுத்துண்டு வைத்தால் போதும்.

கலவையும் பராமரிப்பும்

செம்மண்ணை மட்டும் இட்டால் நாளடைவில் இறுகிவிடும். அதனுடன் மக்கிய தொழுவுரமும் தென்னை நார்த்தூளும் கலப்பது தமிழகத்தின் மாடித்தோட்டங்களில் வழக்கம். நார்த்தூளில் உப்பு இருக்கலாம் என்பதால் அலசிப் பயன்படுத்த வேண்டும். அதுவும் மெல்ல மக்கிப் பொடியாகித் துளைகளை அடைக்கும். பழைய கலவையில் உமிக்கரியோ புதிய நார்த்தூளோ சேர்த்துப் புதுப்பிக்கலாம்.

சமதளத் தரையில் நேரே வைத்த பையின் அடித்துளைகள் அடைபட்டுவிடும். செங்கற்கள்மேல் வைத்து, பக்கவாட்டில் அடியை ஒட்டியும் துளையிடுவது பயன்தரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிட வேண்டும். கோடையிலும் கவனம் தேவை: 20 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிசனைக் கரைத்து வைத்திருக்கும், 35 டிகிரியில் அது சுமார் 7 ஆகக் குறைகிறது. வேரின் தேவையோ வெப்பத்தில் கூடுகிறது. ஆகவே வெயில் காலத்தில் பைகளை ஒன்றுக்கொன்று நிழல் தருமாறு நெருக்கி வைத்து, காலையில் நீர் ஊற்றுவது ஏற்றது.