மூடுபனியின் மேல் விழும் பழி

நீலகிரியின் இத்தலாரில் மூடுபனி இறங்கிவிட்டால் நெட் வராததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ‘மிஸ்ட் ஜாஸ்தி, அதான்’ என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். பழைய லேப்டாப்பின் மூலையில் வைஃபை குறிக்கு மேல் மஞ்சள் முக்கோணம் நின்றுகொண்டிருக்கும். ஆனால் அதே அறையில், அதே வைஃபையில், தம்பியின் செல்போனில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடும். பனியை விடுவிக்க அந்த ஒரு சாட்சி போதும்.

இயற்பியலும் பனிக்குச் சாதகமாகத்தான் பேசுகிறது. இதே மலையில், ஊட்டிக்கு அருகே முத்தோரையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-இல் இயங்கத் தொடங்கிய அதன் நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வட அட்சரேகை சுமார் 11 டிகிரியில் இருக்கும் ஊரில், அதே 11 டிகிரி சரிவுள்ள குன்றாகத் தேடிப் பிடித்து அதை நிறுவினார்கள். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்தது. மேகமும் பனியும் மூடிக்கிடக்கும் மலையில் போய் வானம் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். அது வாங்கும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 92 சென்டிமீட்டர். பனித்துளியோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அத்தனை பெரிய அலை இத்தனை சிறிய துளியைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12.5 சென்டிமீட்டர். ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான பத்தடி தூரத்தில் பனி அதை ஒன்றும் செய்துவிடாது.

மழை கதை வேறு. பத்து கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய அலைகளைப் பெருமழை உண்மையிலேயே பலவீனப்படுத்தும்; டவருக்கும் டவருக்கும் இடையே செல்லும் மைக்ரோவேவ் இணைப்புகள் பல அந்த ரகம். 2019 ஆகஸ்டில் இதே மலையின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அதுபோன்ற நாளில் மரம் சாயும், மண் சரியும், கரன்ட் போகும், ஃபைபர் கேபிளும் அறும். வீட்டு ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அன்றைக்கு லேப்டாப்பைத் தட்டிப் பயனில்லை, லைன்மேன் வரவேண்டும்.

செல்போனில் ஓடுகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால் பழுது எந்தக் கட்டத்தில் என்று பிரித்துப் பார்க்கலாம். அதற்கு ‘பிங்’ என்றொரு சின்னக் கட்டளை உண்டு. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் மைக் மூஸ் எழுதியது. நீர்மூழ்கியைத் தேடும் சோனாரைப் போல ஒரு துடிப்பை அனுப்பி, எதிரொலி வருகிறதா என்று பார்க்கும். முதலில் ரௌட்டரின் முகவரிக்கு அனுப்ப வேண்டும். பல வீடுகளில் அது 192.168.1.1. பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள்ளேயே. லேப்டாப்பின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டர் முகவரி தராததால் அது தனக்குத் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ரௌட்டர் பதில் சொல்லி, கூகுளின் 8.8.8.8-உம் பதில் சொல்லி, இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் சிக்கல். முன்பு வேறு கனெக்‌ஷன் கொடுத்தவர் கையால் நிரப்பிவிட்டுப் போன டிஎன்எஸ் எண்கள் இன்னும் அப்படியே கிடப்பது பழைய லேப்டாப்களில் சகஜம். அதைத் ‘தானாகப் பெறு’ என்று மாற்றினால் முடிந்தது.

இவ்வளவும் எந்தக் கணினிக்கும் பொருந்தும். பழைய லேப்டாப்பின் சங்கடம் தனி. அது மாறாமல் இருக்க, அதைச் சுற்றியிருக்கும் வலை மாறிக்கொண்டே போகிறது.

தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-இல். அந்தக் காலத்து மலிவு லேப்டாப்களில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். இன்றைய செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அது 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பக்கூடும். லேப்டாப்பின் பட்டியலில் அந்தப் பெயரே தென்படாது. ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4-ஐத் தேர்ந்தெடுத்ததும் பெயர் வந்துவிடும். பாதுகாப்பு முறையிலும் இதே கதை: 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 மட்டும் வைத்திருக்கும் ரௌட்டருடன் பழைய வைஃபை சிப்பால் பேச முடியாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ‘இணைக்க முடியவில்லை’ என்றே சொல்லும். ரௌட்டரில் 2-உம் 3-உம் கலந்த முறையை வைத்தால் இரண்டு தலைமுறையும் உள்ளே வரலாம். தகரக் கூரையும் தகரத் தடுப்பும் உள்ள வீடுகளில் ரௌட்டரைத் தடுப்புக்கு அந்தப்புறம் வைக்காமல் இருப்பதும் முக்கியம். உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும்.

எல்லாவற்றிலும் சுவாரசியமானது கடிகாரக் கோளாறுதான். மதர்போர்டில் காசு வடிவத்தில் ஒரு சின்ன செல் இருக்கும். லேப்டாப் அணைந்திருக்கும்போதும் தேதி, நேரத்தைக் காப்பது அதன் வேலை. பத்து வருடத்துக்கு மேலான லேப்டாப்பில் அது தீர்ந்திருக்கும். பெரிய பேட்டரியும் செத்திருக்கும். சார்ஜரில் மட்டும் உயிர் வாழும் அந்த மெஷினில் கரன்ட் போனால் தேதி பல வருடம் பின்னே ஓடிவிடும். ஒவ்வொரு பாதுகாப்பான இணையதளமும் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்’ என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. 2012-இல் இருப்பதாக நினைக்கும் லேப்டாப்புக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ். ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். மலையில் மழையும் பனியும் சேர்ந்து வரும் நாட்களில்தான் கரன்டும் போகிறது. பனி மாட்டிக்கொண்டது இப்படித்தான். தேதியைத் திருத்தினால் அப்போதைக்கு நெட் வரும். செல்லை மாற்றினால் அடுத்த கரன்ட் கட்டுக்குப் பிறகும் வரும். சர்வீஸ் கடையில் இதற்குப் பெரிய செலவில்லை.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மறுக்கலாம். 2021 செப்டம்பர் 30-இல் உலகெங்கும் அப்படி ஒன்று நடந்தது. லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனத்தின் சான்றிதழ்களுக்கு அடித்தளமாயிருந்த மூலச் சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய சாதனங்கள் ஏராளமான தளங்களை நம்ப மறுத்தன. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கையை விரித்துவிட்டது; குரோம் 109-ஆம் பதிப்போடு 2023-இல் விலகிக்கொண்டது. அதற்கு மேல் அந்த விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது புத்திசாலித்தனமல்ல.

இத்தனையும் பார்த்த பிறகும் வைஃபை வரவில்லை என்றால் இரண்டு சோதனைகள் கைகொடுக்கும். செல்போனை யுஎஸ்பி வயரால் லேப்டாப்பில் சொருகி ‘டெதரிங்’ போட்டுப் பார்க்கலாம். நெட் வந்தால் கோளாறு லேப்டாப்பின் வைஃபை பக்கம்தான். வைஃபை பாகமே பழுது என்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் அதற்குப் பதில் நிற்கும். இன்னொன்று, லினக்ஸைப் பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் ‘லைவ்’ ஆக ஓட்டுவது. அதில் வைஃபை நன்றாக வந்தால் கோளாறு விண்டோஸிலோ அதன் டிரைவரிலோ. அதிலும் தள்ளாடினால் மூடியை மெல்ல ஆட்டிப் பார்க்கலாம். வைஃபை கார்டிலிருந்து புறப்படும் கறுப்பு, வெள்ளை ஆன்டெனா வயர்கள் இரண்டும் கீல் வழியாகத்தான் திரையின் ஓரத்துக்கு ஏறுகின்றன. பல வருடம் திறந்து மூடியதில் அவை நைந்திருக்கும். திரையை ஒரு கோணத்தில் வைத்தால் மட்டும் சிக்னல் வருகிறது என்றால், கடைக்காரரிடம் கீலைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.