கருவி வல்ல மாணாக்கரும் கற்பிக்கும் முறையும்

மாணாக்கர் ஒரு துறையில் ஆசிரியரினும் வல்லவராயிருத்தல் ஆசிரியருக்கு இழுக்கெனக் கருதுவார் நம்மிடையே உளர். இளைஞர் கணினியையும் கைத்தொலைபேசியையும் கையாளும் விரைவு கண்டு அஞ்சுதலும், அவற்றை வகுப்பினின்றும் முற்றாக விலக்குதலும் இக்கருத்தின் விளைவுகளே.

யாழ்ப்பாணத்துக்கு இச்சிக்கல் புதிதன்று. ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, நம் திண்ணைப் பள்ளிகளின் கருவிகள் ஏடும் எழுத்தாணியுமே. அச்சியந்திரமோ மானிப்பாயில் அமெரிக்க மிஷனரிமாரிடம் இருந்தது. நாவலர் அதனைப் பழித்து ஒதுங்கினாரல்லர். 1849 இற் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்று வந்தார். அதனினும் ஊன்றி நோக்கத்தக்கது, ஏட்டில் இருந்ததை அச்சேற்றுவதோடு அவர் அமையாமையாகும். சிறுவர் படிப்படியாகக் கற்குமாறு பாலபாடங்களை எளிய உரைநடையில் எழுதினார். கருவி மாறவே பாடத்தின் அமைப்பும் மாறிற்று.

இன்று நாற்பது வயதைக் கடந்த ஆசிரியருட் பலர், 1990 இன் பின் மின்சாரம் அற்றிருந்த யாழ்ப்பாணத்திற் போத்தல் விளக்கொளியிற் படித்தவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். கருவியை வசப்படுத்தும் திறன் அவர்களுக்கு அந்நியமன்று. 2020 இற் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப் வழியே குறிப்புகளை அனுப்பப் பழகிக்கொண்டவரும் அவர்களே. ஆயினும், கரும்பலகைக் குறிப்புத் திரைக்கு இடம்பெயர்ந்ததேயன்றிக் கற்பிக்கும் முறை பெரிதும் மாறவில்லை.

மாணாக்கன் விடையைத் தேடி எடுக்க வல்லவன். எடுத்த விடை சரியோ பிழையோ என்று துணிதல் அவனுக்கு அரிது. 2022 இற் சாட்ஜிபிடி வெளிவந்தபின் கட்டுரையையே இயந்திரம் எழுதித் தருகின்றது. ஆதலின், "வீட்டில் எழுதி வருக" என்னும் கட்டளை பயன் குன்றிற்று. அவ்வியந்திரக் கட்டுரையை வகுப்புக்கே கொண்டுவரச் செய்தல் நன்று. அதிலுள்ள ஆண்டுகளையும் பெயர்களையும், 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகத்திலுள்ள பழைய நூற்பக்கங்களோடு ஒப்பிடுவிக்கலாம். சந்திப் பிழைகளையும் களைவிக்கலாம். தேடித் திரையில் இடுபவன் மாணாக்கன். "இதனைக் கூறியவர் யார்? எதைக்கொண்டு கூறினார்?" என வினவுபவர் ஆசிரியர். ஒரு பாடவேளையில் ஒரு பந்திக்குமேல் முடியாதுதான்; பாடத்திட்டத்தை முடிக்குமாறு விரைவுபடுத்தும் அதிபர்கள் பொறுத்தருள்வாராக.

கருவியில்லா வீட்டுப் பிள்ளைகளை மறத்தலாகாது. மூவர்க்கு ஒரு கருவியென அமர்த்தின், ஒருவன் தேட, மற்றொருவன் மூலத்தை வாசிக்க, மூன்றாமவன் வேறுபாடுகளைக் குறிக்கலாம். தமிழை ஆங்கில எழுத்திற் தட்டிப் பழகியவனுக்குத் தமிழ் விசைப்பலகையைக் கற்பிக்கும் பொறுப்பை, அதில் வல்ல சக மாணாக்கனிடமே விடலாம். ஆசிரியரும் அருகிருந்து கற்கலாம்.