டெலக்ஸும் மெகாபிட்டும்

பெங்களூர் அலுவலகங்களில் ஒருகாலத்தில் ஓயாது ஒலித்த டெலக்ஸின் வேகம் 50 பாட். அதாவது விநாடிக்கு 50 துடிப்புகள். துடிப்புக்கு ஒரு பிட் என்பது அன்றைய கணக்கு. பிற்கால மோடங்களில் ஒரே துடிப்பு பல பிட்டுகளைச் சுமந்தமையால், பாட் வேறு, பிட் வேறு ஆயின. தொடக்க, முடிவுக் குறிகள் உட்பட ஓர் எழுத்துக்கு ஏழரைத் துடிப்புகள் தேவைப்பட்டதால், டெலக்ஸில் நிமிடத்திற்கு 400 எழுத்துகளே சென்றன.

1990-களின் தொடக்கத்தில் இந்நகர மென்பொருள் நிறுவனங்கள் அயல்நாடுகளுடன் தொடர்பு கொண்ட 64 கிலோபிட் இணைப்போ, 1,280 டெலக்ஸ் தடங்களுக்கு ஈடானது! ஆயினும் எட்டுப் பிட்டுகள் சேர்ந்ததே ஒரு பைட். எனவே பத்து இலட்சம் பைட் கோப்பு அதில் செல்ல 125 விநாடிகள் பிடிக்கும்.

இன்று 100 மெகாபிட் என விற்கப்படும் இணைப்பும் விநாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே தரவல்லது. புகார் எழுதுமுன் சந்தாதாரர் எட்டால் வகுத்துப் பார்த்தல் நலம். அகலக்கற்றைக்கு அரசு 2004-ல் விதித்த குறைந்தபட்ச வேகம் 256 கிலோபிட். 2023-ல் அது 2 மெகாபிட்டாக, அதாவது விநாடிக்குக் கால் மெகாபைட்டாக, உயர்த்தப்பட்டது.