சின்னங்களின் கதை – 9: நாய் கேட்டது யார் குரலை?

விடியற்காலையில் சுப்ரபாதம் ஓடிய வீடுகளில், தட்டு சுழலச் சுழல அதன் நடுவில் இருந்த நாயும் சேர்ந்து சுற்றும். நிமிடத்துக்கு 33 சொச்சம் சுற்று. எம்.எஸ். பாடி 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட தட்டு. பூஜையறைப் பக்கம் நாயை அண்டவிடாத வீட்டிலும் இந்த நாய்க்கு மட்டும் விலக்கு.

நிஜமாகவே வாழ்ந்த நாய் அது. 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தது. வருகிறவர்களின் காலைக் கவ்வப் போகும் என்பதால் நிப்பர் என்று பெயர். நாடக மேடைக்குத் திரை எழுதும் மார்க் பராட் வளர்த்தார். 1887-ல் அவர் இறந்துவிட, ஓவியரான சகோதரர் பிரான்சிஸ் பராட் கூட்டிப் போனார். போனோகிராப் குழலுக்கு முன்னால் நின்று, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் தலையைச் சாய்த்துப் பார்க்குமாம் நிப்பர். 1895-ல் அது செத்துப்போனது. சில வருஷம் கழித்துத்தான் பிரான்சிஸ் அந்தக் காட்சியைப் படமாக்கினார். படத்தின் தலைப்பு ‘எஜமானின் குரல்’; எச்.எம்.வி. என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம்தான்.

படம் விலைபோகவில்லை. நாயாவது போனோகிராப் கேட்பதாவது என்று ஒரு கம்பெனி திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். கறுப்புக் குழல் எடுப்பாக இல்லையென்று, பித்தளைக் குழல் ஒன்றை இரவல் கேட்டு 1899-ல் லண்டன் மெய்டன் லேனில் இருந்த கிராமபோன் கம்பெனிக்குப் போனார் பிரான்சிஸ். மேலாளர் பாரி ஓவன் படத்தையே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அந்த மெஷினை அழித்துவிட்டு எங்கள் மெஷினை வரைந்து தர வேண்டும். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50.

கோளாறு இங்கேதான். போனோகிராப் மெழுகு உருளையில் ஓடுவது. வீட்டில் யாரும் அதில் பேசிப் பதிந்து திரும்பக் கேட்கலாம். எஜமான் குரல் வர வழியுண்டு. கிராமபோனோ, கம்பெனி அச்சடித்த தட்டை ஓட்டும், அவ்வளவுதான். எஜமான் பாடகராக இருந்து தட்டும் கொடுத்திருந்தால் ஒழிய அதில் அவர் குரல் வராது. ஆக, மெஷின் மாறிய அன்றே ‘எஜமானின் குரல்’ என்ற தலைப்பு பொய்யாகிவிட்டது. யாரோ ஒருத்தர் பாட்டுக்குத்தான் அந்த நாய் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது! ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. சாய்ந்த தலையைப் பார்த்தவர்கள் மெஷினைப் பார்க்கவில்லை என்பது என் கட்சி.

அந்தக் கம்பெனிக்கு அதுவரை சின்னம், இறகுப் பேனாவால் தட்டில் எழுதும் ஒரு தேவதை. அழகான சின்னம்தான், ஆனால் யாருடைய வீட்டில் தேவதை இருக்கிறது? 1909-ல் தட்டுகளின் நடுவில் நாய் ஏறி உட்கார்ந்தது, தேவதை இறங்கிக்கொண்டாள்.

1924-ல் இறப்பதற்குள் பிரான்சிஸ் தன் கையாலேயே 24 நகல்கள் எழுதிக் கொடுத்தார். அவற்றில் எல்லாம் கிராமபோன் மட்டும்தான். மூலப் படத்தில் அப்படியில்லை. வெளிச்சம் சரியான கோணத்தில் விழும்போது, பித்தளைக் குழலைச் சுற்றியுள்ள சாயத்துக்கு அடியில் பழைய போனோகிராபின் விளிம்பு இன்னும் மங்கலாகத் தெரியும்.

(தொடரும்)