பிழைப்பும் எழுதுகோலும்

நம்மிடம் ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர் அண்மையில் விடுமுறையில் ஊர் வந்தபோது நம்மைக் காண வந்தார். ஓதிய காலத்தில் அவருடைய அரபுக் கையெழுத்து கல்லூரி முழுவதும் பேர் பெற்றிருந்தது. இப்போது வளைகுடா நாடொன்றில் சரக்குக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறார். "எழுத்துப் பயிற்சி நடக்கிறதா?" என்று வினவினோம். "வேலைக்கே நேரம் போதவில்லை ஹஜ்ரத். ஓய்வு கிடைக்கும்போது மீண்டும் தொடங்க வேண்டும்" என்றார். அவர் சென்றபின் நம் மேசையின் இழுப்பறையைத் திறந்தோம். நம்முடைய நாணல் எழுதுகோலும் மை காய்ந்து கிடந்தது. வகுப்புகள், விடைத்தாள்கள், வெள்ளிக்கிழமை பயான் என்று நமக்கும் காரணங்கள் இருந்தன. எனவே அவருக்குரிய மறுமொழியை நமக்கும் சேர்த்தே தேட வேண்டியதாயிற்று.

அரபு எழுத்தணிக்கலையின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை புலப்படும். இக்கலையின் தலைசிறந்தோர் பலர் வேறொரு பணியும் உடையோராய் இருந்தனர். எழுத்துகளைப் புள்ளி அளவால் வரையறுத்த இப்னு முக்லா அப்பாஸியர் ஆட்சியில் அமைச்சராக இருந்தவர். அவருக்குப் பின்வந்த இப்னுல் பவ்வாப், பெயரே காட்டுவதுபோல், வாயிற்காவலரின் மகன். வீடுகளுக்கு வண்ண அலங்காரம் செய்யும் தொழிலில் தொடங்கி, பிற்காலத்தில் ஷீராஸ் நூலகத்தின் பொறுப்பாளரானார். ஹிஜ்ரி 391இல் (கி.பி. 1000-01) அவர் எழுதிய குர்ஆன் பிரதி இன்றும் டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. உஸ்மானியர் காலத்து மெஹ்மெத் ஷெவ்கி எஃபெந்தி (1829-1887) போர் அமைச்சக அலுவலகத்தில் பணியாற்றியவர். அவருடைய மாதிரி எழுத்துகளைப் பார்த்தே இன்றும் மாணவர்கள் பயில்கின்றனர்.

இவர்களுக்கு நம்மைவிட ஓய்வு மிகுதியாக இருந்ததா? அப்படிக் கருத இடமில்லை. அவர்களுக்கு வாய்த்தது ஒரு பயிற்சி முறை. அதன் பெயர் 'மஷ்க்'.

ஆசிரியர் ஒரு வரி எழுதிக் கொடுப்பார். மாணவர் அதனை வீட்டில் பல முறை எழுதி, அடுத்த சந்திப்பில் கொண்டுவந்து காட்டுவார். பிழையான எழுத்தின் கீழே ஆசிரியர் சரியான வடிவத்தை எழுதிக் காட்டுவார். எழுதுகோலின் முனையால் இடப்படும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். எழுத்தின் உயரமும் வளைவின் அகலமும் அப்புள்ளிகளால் கணக்கிடப்படும். வரி செம்மையுறும் வரை அடுத்த வரி கிடையாது. உஸ்மானியர் மரபில் முதற்பாடமே "இறைவா, எளிதாக்குவாயாக" என இறைஞ்சும் 'ரப்பி யஸ்ஸிர்' என்னும் துஆ ஆகும். இவ்வாறு சில ஆண்டுகள் கழிந்தபின் இஜாஸா கிட்டும். அதன்பின்னரே தம் எழுத்தின் கீழ் தம் பெயரை இட உரிமை உண்டு. ஆசிரியர்கள் இதற்குக் கூலி பெறுவதில்லை என்பதும் மரபு.

இம்முறை முழுநாளையும் கலைக்கென ஒதுக்கியவரை மட்டும் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு வரி என்பது பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பவருக்கும் இயலக்கூடியது. அதே வேளையில், காட்ட வேண்டிய ஒருவர் காத்திருப்பதால் தட்டிக்கழிக்கவும் இயலாது.

இம்முறையின் வலிமை 1928இல் கடுமையான சோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தை ஏற்றது. எழுத்தணியாளர்களின் பிழைப்பு ஒரே நாளில் அறுந்தது. முஸ்தஃபா ஹலீம் ஒஸ்யாஸிஜி திராட்சைத் தோட்டம் வைத்துப் பயிர் செய்தார். ஹாமித் அய்த்தாச் இஸ்தான்புல்லில் தம் பட்டறையில் இலத்தீன் எழுத்தில் விளம்பரச் சீட்டுகளும் முத்திரைகளும் செய்து வாழ்ந்தார். இருவரும் அரபு எழுத்தை விடவில்லை. ஹலீம் பின்னாளில் நுண்கலைக் கல்விக்கூடத்தில் கற்பித்தார். ஷிஷ்லி பள்ளிவாசலின் எழுத்தணி ஹாமித் அவர்களின் கைவண்ணமே. 1982இல் அவர் மறைந்தார். 1986இல் இஸ்தான்புல்லில் முதல் பன்னாட்டு எழுத்தணிப் போட்டி அவர் பெயராலேயே நடைபெற்றது.

அவரிடம் இஜாஸா பெற்றவர்களுள் ஒருவர் பக்தாதின் ஹாஷிம் முஹம்மத் அல்பக்தாதீ. ஈராக்கின் நில அளவைத் துறையில் எழுத்தணியாளராகப் பணியாற்றியவர் அவர். அவருடைய பயிற்சி நூல் அரபு நாடுகளெங்கும் மாணவர் கைகளில் புழங்குகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலைக்கு அருகிலுள்ள வேலையும் தொலைவிலுள்ள வேலையும் வெவ்வேறு வகையில் சோதிக்கின்றன. முத்திரையும் விளம்பரமும் எழுதுபவரின் கை ஓயாது இயங்கும். ஆனால் வாடிக்கையாளரின் அவசரம் கையில் படிந்து எழுத்தைக் கெடுக்கக்கூடும். தோட்டத்தில் உழைப்பவரின் எழுத்தில் அந்த அவசரம் படியாது. ஆனால் கை வளைவுகளை மறக்கக்கூடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. விலை பேசப்படாத ஒரு வரியை நாள்தோறும் எழுதுவது. சம்பளம் வீட்டைக் காக்கிறது. அதனாலேயே அந்த ஒரு வரியை விற்காமல் வைத்துக்கொள்ள முடிகிறது. அவ்வகையில் வேலை கலைக்குப் பகையன்று. ஓய்வு வரட்டும் என்று காத்திருப்பதே பகை.

சிறிதாயினும் இடைவிடாது செய்யப்படும் செயலே இறைவனுக்கு மிகவும் உவப்பானது என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியது புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. நாம் அதனை நஃபில் தொழுகைக்கும் திக்ருக்கும் மட்டுமே பொருத்திப் பார்த்து வந்தோம். இறைவேதத்தை அழகுற எழுதப் பயன்படும் கைக்கும் அது பொருந்தும் என்பதை இழுப்பறை திறந்த அன்றுதான் உணர்ந்தோம்.

மாணவர் வளைகுடா திரும்புமுன் 'ரப்பி யஸ்ஸிர்' வரியை எழுதி அவரிடம் கொடுத்தோம். சுபுஹுக்குப் பின் இருபது நிமிடம், வேறெதுவும் வேண்டா என்றோம். வியாழன்தோறும் தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னோம். முதல் வியாழன் வரவில்லை. இரண்டாவது வியாழன் வந்தது. 'ரே'யின் வால் நீண்டிருந்தது. சிவப்பு மையால் திருத்த முற்பட்டபோது நம் 'ரே'யும் அதே அளவு நீண்டது. பல ஆண்டு ஓய்வு நம் கையிலும் தெரிந்தது.

திருத்தத்தை அன்றே அனுப்பவில்லை. மூன்று நாள் அந்த ஓர் எழுத்தையே எழுதிப் பார்த்தோம். நான்காம் நாள் புள்ளிக் கணக்கு சரியாக வந்தது. அதனை அவருடைய எழுத்தின் கீழ் எழுதி அனுப்பினோம். இப்போது நாமும் ஒரு தாளை மூத்த உஸ்தாது ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம்.