குதிரைக் கொம்பான ஒரு போட்டோ!

முதல் நாள் நான் எடுத்தது நாற்பது போட்டோ. நாற்பதிலும் குதிரை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு புகை!

ஆபீஸ் வேலையாக இங்கிலாந்தில் ஒரு வருஷம் தங்கியிருந்தபோது நடந்தது இது. புதுசாக மிரர்லெஸ் கேமரா வாங்கிய ஜோரில், வீட்டுக்கார அம்மாவிடம், "உங்க பொண்ணு குதிரையில தாண்டறதை நான் எடுத்துத் தர்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

அவள் ஏறுவது போனி. 148 செ.மீ. உயரத்தைத் தாண்டாத குட்டைக் குதிரை. பெண்ணோ பனைமரமாக வளர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிந்ததும் போனி வேறொரு சின்னப் பெண்ணுக்குக் கைமாறப் போகிறது. அவள் சுற்றிவர ஆகும் நேரம் ஒரு நிமிஷம். கோட்டை விட்டால் மறுபடி கிடையாது!

மைதானம், கூரை போட்ட கொட்டகை. நம் கண்ணுக்கு வெளிச்சம், கேமராவுக்கு அமாவாசை. ஃப்ளாஷ் போடலாமா? மூச்! குதிரை மிரண்டால் மேலே இருப்பவள் கீழே.

1878-ல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்பவர் வரிசையாகக் கேமராக்களை வைத்து, பாய்ந்தோடும் குதிரையின் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன என்று காட்டினார். அவருக்குச் சூரியன் துணை. எனக்குக் கூரை விளக்கு!

ஒரு வாரம் சாயங்காலப் பயிற்சிக்குப் போய் நின்று கற்றுக்கொண்டேன். ஷட்டர் 1/800-க்குக் குறையக்கூடாது. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸ் இழுத்து நீட்டினால் 5.6-க்கு மேல் திறக்காது. 1.8 வரை திறக்கும் 85 எம்.எம். லென்ஸை வாடகைக்கு எடுத்தேன். ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். ஆனால் ஜூம் கிடையாது. ஐ.எஸ்.ஓ. 6400. மணல் தூவினாற்போல் படம் விழும். விழட்டும்! ஃபோகஸை முன்கூட்டியே தடைக்கட்டை மேல் வைத்துவிட வேண்டும். குதிரை தாவுவதைப் பார்த்துவிட்டு அமுக்கினால் வால்தான் கிடைக்கும். தாவப் போகிறது என்னும்போதே அமுக்கணும்.

ஞாயிறு. ஐந்தாவது தடை. அமுக்கினேன். திரையில் பார்த்தால், போனி பளிச்! காது முன்னால் விறைக்க, நாலு காலும் அந்தரத்தில். கூடவே ஒரு பெண்ணின் உடம்பு... தலை மட்டும் ஃப்ரேமுக்கு வெளியே!

அசடு வழிய நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"என் மூஞ்சிய தினம் கண்ணாடில பார்க்கறேனே... நாளையிலேர்ந்து இவனைத்தானே பார்க்க முடியாது!"