மூன்று தோட்டா விதி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சதுப்பு நிலமொன்றில் விடியற்காலையில் வாத்துகளை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் வேட்டைக்காரர், தமது ஷாட்கன்னில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் போட்டுக்கொண்டு சுட்டாரெனினும், அந்தத் துப்பாக்கி மூன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்களைக் கொள்ளக்கூடியதாக இருக்குமானால், மத்திய அரசாங்கத்தின் விதியை மீறியவராகவே கருதப்படுவார். எத்தனை தோட்டா போட்டீர் என்று அந்த விதி கேட்பதில்லை. எத்தனை போட முடியும் என்றுதான் கேட்கிறது. புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்களில் பலர் இந்த வித்தியாசத்தை உணராமலே வயலுக்குப் போய்விடுகிறார்கள்.

இவ்விதி பிறந்த காலத்தைச் சற்று நோக்கினால் அதன் நியாயம் விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரச் சந்தைகளுக்காகப் பறவைகளைக் கூட்டங் கூட்டமாகச் சுட்டு வீழ்த்துவது ஒரு பெரிய வியாபாரமாக நடந்து வந்தது. கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறா என்னும் இனத்தின் கடைசிப் பறவை, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் மாண்டது. அதற்குள் பம்ப் துப்பாக்கிகளும், மேகஸினில் நான்கும் அறையில் ஒன்றுமாக ஐந்து தோட்டாக்களை ஏற்கும் பிரௌனிங் ஆட்டோ-5 போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகளும் சாமானிய ஜனங்களின் கைக்கு வந்துவிட்டன. எல்லை கடந்து பிரயாணம் செய்யும் பறவைகளைக் காக்க, கனடாவின் சார்பில் பிரிட்டனுடன் 1916-ல் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. அதை நிறைவேற்ற 1918-ல் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும், 1930-களின் கொடிய வறட்சியில் வட சமவெளிகளின் குட்டைகள் வற்றி, வாத்துகள் முட்டையிட இடமின்றி அருகிய பிறகுதான் துப்பாக்கியின் கொள்ளளவின் மீதே அரசாங்கம் கை வைத்தது. அப்போது உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவர், புலிட்சர் பரிசு பெற்ற அரசியல் கேலிச்சித்திரக்காரரான ஜே டார்லிங் என்பவர். அதிகாரிகளைப் பரிகசித்து வந்தவரையே அதிகாரியாக்கிய அப்போதைய ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். 1935-ல் இரை தூவி வாத்துகளை வரவழைத்துச் சுடுவதும், உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்து மற்றவற்றை ஈர்ப்பதும் தடை செய்யப்பட்டபோது, அவற்றோடு கூட மூன்று தோட்டா வரம்பும் வந்தது.

வாத்து, கூஸ், நாரை, உள்ளான், வேட்டைக்குரிய புறா முதலிய வலசைப் பறவைகளுக்கெல்லாம் இவ்வரம்பு நாடு முழுவதும் பொருந்தும். மாநிலங்கள் இதைக் கடுமையாக்கலாமே தவிரத் தளர்த்த முடியாது. ஆனால் காடை, பெசன்ட், வான்கோழி போன்று ஒரே பிரதேசத்தில் வாழும் பறவைகளும், மான், பன்றி முதலிய மிருகங்களும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. டெக்ஸஸில் காடை வேட்டைக்கு இத்தகைய வரம்பு கிடையாது. கலிபோர்னியாவிலோ காடைக்கும் மூன்றுதான், மானுக்கு ஷாட்கன் எடுத்துச் சென்றாலும் மூன்றுதான். டெக்ஸஸ் வாசி ஒருவர் காலையில் காடை வேட்டைக்கு ஐந்து தோட்டாத் துப்பாக்கியுடன் சட்டப்படியே புறப்பட்டு, வழியில் பறந்த புறாவை அதே துப்பாக்கியால் சுட்டுவிட்டால், அந்தக் கணத்திலேயே மத்திய விதியை மீறியவராகிறார். இரண்டு ஜாதிப் பறவைகளையும் உத்தேசித்துச் செல்பவர் கடுமையான விதிக்கு ஏற்பத் துப்பாக்கியை அமைத்துக்கொள்வதே உசிதம்.

இதற்கு ஒரு விசித்திரமான விலக்கும் உண்டு. பனிக் கூஸ் என்னும் வெள்ளைப் பறவைகள், குளிர்காலத்தில் தெற்கே வயல்களில் சிந்திக் கிடக்கும் தானியங்களை உண்டு அளவுக்கு மீறிப் பெருகி, கோடையில் தாம் முட்டையிடும் ஹட்சன் விரிகுடாக் கரையின் புல்வெளிகளை வேரோடு பிடுங்கித் தின்று பாழாக்கத் தொடங்கின. ஆகவே 1999 முதல், மற்ற நீர்ப்பறவைகளின் வேட்டைக் காலம் முடிந்த பின் அறிவிக்கப்படும் தனிக் காலத்தில், இவற்றைச் சுட, கொள்ளளவை மூன்றாகக் குறைக்கும் தக்கை இல்லாத துப்பாக்கியும் மின்சாரக் கருவியால் எழுப்பும் குரலும் அனுமதிக்கப்பட்டன. அருகியபோது வரம்பு விதித்ததும், மிகுந்தபோது அதைத் தளர்த்தியதும் ஒரே அரசாங்கந்தான். முன்கோபமும் பிடிவாதமும் இன்றி இயற்கையின் கணக்கைப் பார்த்து நடக்கும் சட்டம் இது என்பது என் அபிப்பிராயம். ஆனால், அந்தத் தனிக் காலம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாராமல் ஒருநாள் முன்னதாகத் தக்கையைக் கழற்றியவருக்கு இந்த விலக்கு துணை நிற்காது.

தக்கை என்பது மேகஸின் குழலுக்குள் செருகும் ஒரு மரக்கோல் அல்லது பிளாஸ்டிக் கோல், அவ்வளவுதான். எனினும் விதி அதற்கு இரண்டு லக்ஷணங்களைச் சொல்கிறது: ஒரே துண்டாக இருக்க வேண்டும், துப்பாக்கியைப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். துடைத்துச் சுத்தம் செய்வதற்காகக் குழலைத் திறந்தவர் தக்கையை மேஜைமேல் வைத்துவிட்டு மூடிவிடுவது வெகு சாதாரணமாக நேரும் அசிரத்தை. இன்னொன்று, பலர் நினையாதது: இப்போது விற்கப்படும் 1¾ அங்குலக் குட்டைத் தோட்டாக்கள், நீளத் தோட்டாக்கள் இரண்டுக்கு விட்ட இடத்தில் மூன்றாகவும் நுழைந்துவிடக்கூடும், அப்போது அறையிலுள்ளதையும் சேர்த்தால் கணக்கு நான்காகிவிடும். ஆகையால் பருவம் தொடங்கு முன், வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கொண்டு, துப்பாக்கியின் வாயைப் பத்திரமான திசையில் வைத்து, மேகஸினில் இரண்டுக்கு மேல் நுழைகிறதா என்று வீட்டிலேயே பரீட்சை செய்து பார்க்க வேண்டும். கரையில் வந்து நிற்கும் வேட்டைக் கண்காணிப்பு அதிகாரி செய்வதும் இதே பரீட்சைதான்.

மீறினால் என்ன நேரும்? சட்டம் விதிக்கும் உச்ச தண்டனை 15,000 டாலர் அபராதம், அல்லது ஆறு மாதச் சிறை, அல்லது இரண்டும்; முதல் தடவையில் அநேகமாக இதைவிடக் குறைந்த தொகையோடு முடியும். தெரியாது என்ற சமாதானம் இங்கே எடுபடாது. இரை தூவிய வயலில் சுட்டவர் விஷயத்தில், அவருக்கு அது தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டியதா என்று பார்க்கும்படி 1998-ல் சட்டம் திருத்தப்பட்டது. தக்கை விஷயத்தில் அத்தகைய தயவு காட்டப்படவில்லை. வேட்டை உரிமம் பறிபோகும் அபாயமும் உண்டு: பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்துள்ள ஓர் ஒப்பந்தத்தின்படி, ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் ரத்தானால், அதில் சேர்ந்த மற்ற மாநிலங்களிலும் வேட்டை உரிமை பறிபோகலாம்.

விதிமீறலுக்காக அதிகாரி நோட்டீஸ் கொடுத்தால் கரையில் நின்று வாதாடுவது வீண். மத்திய நோட்டீஸில் இடும் கையெழுத்து அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமேயன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. குறித்த தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளலாம். ஆனால் அது குற்றத் தீர்ப்பாகப் பதிவாகக்கூடும். மறுப்பவருக்கு மாஜிஸ்டிரேட் நீதிபதியின் முன் ஆஜராகி வழக்காட உரிமையுண்டு. இரண்டும் செய்யாமல் காகிதத்தைப் பெட்டியில் போட்டு மறந்தால் கைது வாரண்டு பிறக்கலாம்.

அந்நாட்டில் வேலைக்காகவோ படிப்பிற்காகவோ தற்காலிக விசாவில் வசிக்கும் தமிழர்களுக்கு இவற்றுக்கும் முந்திய ஒரு கேள்வி இருக்கிறது. அத்தகையோர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. முறையாகப் பெற்ற வேட்டை லைசென்ஸ் உடையவர்களுக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு உடையவர்களுக்கு இத்தடை பொருந்தாது. நண்பரின் துப்பாக்கியைச் சற்று நேரம் கையில் வாங்கிப் பார்ப்பதும் வைத்திருப்பதாகவே கருதப்படலாம். லைசென்ஸ் காலாவதியானவுடன் விலக்கும் போய்விடுகிறது. அதன் பின் நேர்வது அபராதத்தோடு தீரும் சிறு குற்றமன்று, விசாவையே பாதிக்கக்கூடிய பெருங்குற்றம். ஆகவே தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டைக்கு அழைக்கும் நண்பருக்குச் சம்மதம் சொல்லுமுன், தம் பெயரில் நடப்பு வருஷத்து லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சந்தேகமிருந்தால் குடியேற்றச் சட்டம் அறிந்த வக்கீலைக் கலந்துகொள்ள வேண்டும்.